ஜட்ஜு நாற்காலிய விட்டுட்டு யுனிவர்சிட்டிக்குப் போன அம்மா

இந்த மாசம் வந்ததுல பாதி கேள்வி ஒரே ஆளைச் சுத்தித்தான், அதனால வழக்கம்போல சமையல் கேஸ், பக்கத்து வீட்டு மாமரம் கேஸ் எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க. புதுசா படிக்கிறவங்களுக்கு: நான் லோயர் இல்ல. வடக்குல பல கோர்ட்டுல தமிழ் ஜூருபாசாவா நின்னு, சாட்சி சொல்றத மலாய்லயும் இங்கிலீஷ்லயும் மாத்திச் சொல்லியே தலை நரைச்ச ஆளு. இப்ப பினாங்குல பென்சன் வாங்கிட்டு உக்காந்திருக்கேன்.

ஐயா, நான் கே.எல்.ல ரெண்டாவது வருசம் லா படிக்கிறேன். கொலராடோ மாநில சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜா இருந்து, வேலைய விட்டுட்டு யுனிவர்சிட்டில ஒரு இன்ஸ்டிடியூட் ஆரம்பிச்ச ரெபெக்கா லவ் கோர்லிஸ் பத்தி அசைன்மெண்ட் குடுத்திருக்காங்க. எங்கப்பா கேட்டுட்டு, "அவ்ளோ பெரிய வேலைய யாராச்சும் சும்மா விடுவாங்களா, ஏதோ தப்பு நடந்திருக்கும்"ன்னு சொல்றாரு. அப்படியா? — மாணவி, செந்தூல்

அப்பாகிட்ட சொல்லுமா, தப்பு ஒன்னும் நடக்கல. நம்ம ஆளுங்களுக்கு நாற்காலில இருந்து ஒருத்தர் தானா எழுந்தாலே சந்தேகம்தான், கோயில் கமிட்டிய பாத்துப் பாத்து அப்படி ஆயிட்டோம்.

அந்தம்மா 1952ல பொறந்தவங்க. அப்பா ஜான் லவ், 1963ல இருந்து 1973 வரைக்கும் கொலராடோ கவர்னர். ஸ்டான்ஃபோர்டுல 1976ல லா முடிச்சாங்க. டென்வர்ல பெரிய லோயர் ஆபிஸ்ல வேலை, அதே ரோட்டுல போயிருந்தா இன்னிக்கு எங்கயோ இருந்திருப்பாங்க, ஆனா அத விட்டுட்டு கிரெய்க்ன்னு மாநிலத்தோட வடமேற்கு மூலையில ஒரு சின்ன ஊருக்குப் போயிட்டாங்க. கணவர் குடும்பம் அங்க செம்மறி ஆடு வளர்க்கிற குடும்பம். அந்தப் பக்கம் வர்ற கேஸுன்னா தண்ணி யாருக்கு, மேய்ச்சல் நிலம் யாருக்கு, இந்த மாதிரி. 1987ல மாவட்ட கோர்ட்டு ஜட்ஜ் ஆனாங்க, நடுவுல கொஞ்ச நாள் மத்தியஸ்தம் பண்ற வேலை, 1995ல சுப்ரீம் கோர்ட்டு. போட்டவரு கவர்னர் ராய் ரோமர், அவரு டெமாக்ரட், அந்தம்மாவோட அப்பாவோ ரிபப்ளிகன் கவர்னர். நம்ம ஊருல இப்படி கட்சி தாண்டி ஒரு போஸ்டிங் நடந்தா ஒரு வாரத்துக்கு தே தாரிக் கடையில வேற பேச்சே இருக்காது லா.

2006 ஜனவரில வேலைய விட்டாங்க. அப்ப வயசு 53. கொலராடோவுல ஜட்ஜுங்க 72 வயசு வரைக்கும் உக்காரலாம், அப்ப கணக்குப் போட்டுப் பாரு, கிட்டத்தட்ட 19 வருசத்த வேணாம்னு வச்சுட்டு வெளிய வந்திருக்காங்க.

ஏன்னு உங்க லெக்சரர் கேப்பாரு. நான் கோர்ட்டுக்குள்ள நின்ன இடத்துல இருந்து சொல்றேன், புஸ்தகத்துல இருந்து இல்ல. வடக்குல ஒரு கோர்ட்டு, எதுன்னு வேணாம். பால்மரம் வெட்டுன ஒரு பாட்டி, லாரி மோதி கால் போயிருச்சு, நஷ்டஈடு கேஸ். தோட்டத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி, ஊன்றுகோலோட, சோத்து டப்பாவோட வரும். ஒரு தடவ லோயர் வரல. ஒரு தடவ மெடிக்கல் ரிப்போர்ட் வரல. ஒரு தடவ ஃபைலே வரல. ஒவ்வொரு தடவையும் ஜட்ஜ் போஸ்ட்போன்னு சொல்ல, நான் பாட்டிகிட்ட "தவணை குடுத்திருக்காங்க பாட்டி"ம்பேன். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ பாட்டி என்னையே பாத்துட்டு, "தம்பி, நீயும் வர்ற போதெல்லாம் தவணை குடுத்தாங்க, தவணை குடுத்தாங்கங்கிற, கையில ஒரு காசும் வரலையே"ன்னுச்சு. அது கடன் தவணை மாதிரி நெனச்சுட்டு இருந்திருக்கு. கோர்ட்டே சிரிச்சுது, ஜட்ஜுக்கு என்ன சிரிப்புன்னு தெரியல, நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், அவரு மட்டும் சிரிக்கல. தலைய குனிஞ்சுட்டாரு. அவரு நல்ல மனுசன்மா, அது பிரச்சினையே இல்ல. அவரு கையில அன்னிக்கு வந்த ஃபைல மட்டும்தான் அவரு பாக்க முடியும், ஃபைலு ஏன் இப்படி வருது, எல்லா ஃபைலும் ஏன் இப்படியே வருதுன்னு கேக்க அந்த நாற்காலில இடமே இல்ல. வெளிய போய் ரூல்ஸ் சரியில்லன்னு பிரச்சாரம் பண்ண முடியாது, நன்கொடை வசூல் பண்ண முடியாது, வாய வச்சுட்டு சும்மா இருக்கணும்.

கோர்லிஸ் அம்மா எழுந்து வந்ததுக்கு அதுதான் காரணமா எனக்குப் படுது. வந்து என்ன பண்ணாங்க? டென்வர் யுனிவர்சிட்டிக்குள்ளயே ஒரு இன்ஸ்டிடியூட், அமெரிக்க சட்ட முறைய முன்னேத்துறதுக்குன்னு, பேரு நீளம், சுருக்கி ஐ.ஏ.ஏ.எல்.எஸ். யுனிவர்சிட்டின்ன உடனே சாக்பீஸ் புடிச்சு பாடம் எடுத்தாங்கன்னு எழுதிறாத. அவங்க அங்க எக்சகியூட்டிவ் டைரக்டர். ஆராய்ச்சி ஆளுங்கள வச்சு கோர்ட்டு ஃபைலு ஆயிரக்கணக்குல புரட்டி, எங்க நேரம் போகுது, எங்க காசு போகுதுன்னு எண்ணி, அத லோயருங்களையும் ஜட்ஜுங்களையும் ஒரே மேசையில உக்கார வச்சு காட்டுறது. கூடவே காசு திரட்டுறது. ஜட்ஜா இருந்தப்ப யார்கிட்டயும் கை நீட்டக்கூடாது, இப்ப இன்ஸ்டிடியூட் ஓடணும்னா கை நீட்டியே ஆகணும், அந்த மாத்தம் சாதாரண மாத்தம் இல்ல, அசைன்மெண்ட்ல அத ஒரு பாராவா எழுது, மார்க்கு வரும்.

உதாரணத்துக்கு ஒன்னு போதும். அங்க சிவில் கேஸுல விசாரணைக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் கையில இருக்கிற டாக்குமெண்ட்ட மத்த பக்கத்துக்குக் காட்டணும், டிஸ்கவரிம்பாங்க. நல்ல விசயம்தான். ஆனா ஈமெயில் காலம் வந்த பிறகு கேக்குறவன் லாரி லோடு கணக்குல கேக்குறான், அத தேடிக் குடுக்கிற செலவு சில சமயம் கேஸுல இருக்கிற காசவிட அதிகமாயிருது, அப்ப நியாயம் இருக்கிறவனே பயந்து ஏதோ ஒன்னுக்கு செட்டில் பண்ணிட்டுப் போயிர்றான். 2009ல அமெரிக்க ட்ரையல் லோயருங்களோட காலேஜும் இவங்க இன்ஸ்டிடியூட்டும் சேர்ந்து ஒரு அறிக்கை போட்டாங்க: கேஸு எவ்ளோ பெருசோ அந்த அளவுக்குத்தான் டிஸ்கவரியும் இருக்கணும், ஒரே ஜட்ஜ் ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் கேஸ கையில வச்சுக்கணும்னு. 2012ல டென்வர் சுத்துவட்டாரத்துல சில கோர்ட்டுல பிசினஸ் கேஸுங்களுக்கு இத பரீட்சை பண்ணிப் பாத்தாங்க. 2015 டிசம்பர் 1ல அமெரிக்க ஃபெடரல் ரூல்ஸுலயே அந்த அளவு பாக்குற விசயம் முன்னுக்கு வந்திருச்சு. எல்லாம் இந்த அம்மா ஒருத்தராலன்னு எழுதிறாதமா, நம்ம தைப்பூச ரதத்த யாரு இழுத்தான்னு ஒரு பேர சொல்ல முடியுமா, அந்த மாதிரி. ஆனா கயித்த முதல்ல புடிச்ச கையில இவங்க கையும் ஒன்னு.

2019ல அவங்க இடத்துக்கு வந்தவரு யாருன்னு பாத்தா, அரிசோனா சுப்ரீம் கோர்ட்டுல சீஃப் ஜஸ்டிஸா இருந்த ஸ்காட் பேல்ஸ். அப்ப இது ஒருத்தரோட பைத்தியம் இல்லன்னு அப்பாகிட்ட சொல்லு.

ஜட்ஜுன்னா ஜட்ஜு, அது என்ன மாநில ஜட்ஜு? பினாங்கு மாநில ஜட்ஜுன்னு யாராச்சும் இருக்காங்களா? — வாசகர், பட்டர்வர்த்

இல்ல அண்ணே. நம்ம நாட்டுல சிவில், கிரிமினல் கோர்ட்டு எல்லாம் ஃபெடரல் சமாச்சாரம், மாஜிஸ்ட்ரேட்ல இருந்து ஃபெடரல் கோர்ட்டு வரைக்கும். லைட் ஸ்ட்ரீட்ல இருக்கிற ஹைகோர்ட்டு, பேருக்கு பினாங்குல இருக்கே தவிர, அது மலாயா ஹைகோர்ட்டு. மாநிலத்துக்குன்னு இருக்கிறது ஷரியா கோர்ட்டு மட்டும்தான், சபா சரவாக்குல பூர்வகுடி கோர்ட்டும் உண்டு.

அமெரிக்காவுல 50 மாநிலத்துக்கும் தனித்தனி கோர்ட்டு வரிசை, தனித்தனி சுப்ரீம் கோர்ட்டு. வாடகை, விவாகரத்து, கொலை, கார் மோதல், ஜனங்க வாழ்க்கையில வர்ற கேஸுல பெரும்பாலும் அங்கதான் போகும், டிவியில நாம பாக்குற வாசிங்டன் சுப்ரீம் கோர்ட்டு ஒன்பது ஜட்ஜுங்ககிட்ட போறது கடுகளவு.

ஜட்ஜ போடுற முறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேற. சில மாநிலத்துல எலெக்சன்ல நிக்கணும், பேனர் போட்டு, காசு வசூல் பண்ணி. யோசிச்சுப் பாருங்க, உங்க கேஸ விசாரிக்கிற ஜட்ஜுக்கு எதிர்த்தரப்பு லோயர் நன்கொடை குடுத்திருந்தா எப்படி இருக்கும். கொலராடோவுல 1966ல ஜனங்க ஓட்டுப் போட்டு அத மாத்திட்டாங்க, ஒரு கமிஷன் ரெண்டு மூணு பேர சொல்லும், கவர்னர் ஒருத்தர எடுப்பாரு, அப்புறம் சில வருசத்துக்கு ஒரு தடவ "இந்த ஜட்ஜ் இருக்கலாமா, வேணாமா"ன்னு மட்டும் ஜனங்ககிட்ட கேப்பாங்க. சுப்ரீம் கோர்ட்டுன்னா 10 வருசத்துக்கு ஒரு தடவ. சும்மா பேர பாத்து ஓட்டுப் போடக்கூடாதுன்னு 1988ல ஜட்ஜுங்களோட வேலைய மதிப்பிட்டு அறிக்கை போடுற கமிஷனும் வச்சாங்க, மரியாதையா பேசுறாரா, தீர்ப்ப காலத்துல எழுதுறாரா, எல்லாம் அதுல வரும். கோர்லிஸ் அம்மா இன்ஸ்டிடியூட்டு ஆரம்பத்துலயே கையில எடுத்த விசயங்கள்ல இது ஒன்னு.

இதுல அவங்களுக்குத் துணையா நின்னவங்க சாண்ட்ரா டே ஓ'கானர். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு 1981ல போன முதல் பொண்ணு. அவங்களும் அதுக்கு முன்னாடி அரிசோனாவுல மாநில ஜட்ஜுதான், அவங்களும் இதே 2006 ஜனவரிலதான் வேலைய விட்டாங்க. எலெக்சன் வச்சு ஜட்ஜ எடுக்காதீங்கன்னு ஊர் ஊரா பேசினாங்க, 2009ல பள்ளிப் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் எப்படி ஓடுதுன்னு விளையாட்டு மூலமா சொல்லிக் குடுக்க ஐசிவிக்ஸ்ன்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க. 2023 டிசம்பர்ல காலமாயிட்டாங்க.

நம்ம ஊருல பிரதமர் ஆலோசனையில, ஆட்சியாளர் மாநாட்ட கலந்து, மாமன்னர் நியமிக்கிறாரு. 2009 சட்டத்துக்குப் பிறகு நடுவுல ஒரு நியமன கமிஷனும் இருக்கு. 66 வயசுல ரிட்டையர்.

பெரிய ஜட்ஜு வேலைய பாதியில விட்டா பென்சன் வருமா? — வாசகர், ஜெலுத்தோங்

அந்தம்மா பென்சன நான் எண்ணிப் பாக்கல. என்னோடத எண்ணி முடிக்கவே மாசத்துல பத்து நாளு போதும், அதுக்குள்ள அது முடிஞ்சிருது.

நம்ம நாட்டுல இந்த மாதிரி யாரும் இல்லையா? எப்பப் பாத்தாலும் அமெரிக்காவத்தானா பேசுவீங்க? — வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

நியாயமான கோபம். ஹாருன் ஹாசிம் ஞாபகம் இருக்கா? 1988 பிப்ரவரி 4, அப்ப ஆளுங்கட்சியா இருந்த அம்னோ, பதிவு சரியில்லாததால சட்டவிரோத சங்கம்னு தீர்ப்பு குடுத்த ஜட்ஜ். அன்னிக்கு எங்க கோர்ட்டு கேன்டீன்ல ரேடியோ பக்கத்துல அவ்ளோ கூட்டம், ஒருத்தரும் சத்தமா பேசல. அவரு ரிட்டையர் ஆன பிறகு கோம்பாக் இஸ்லாமிய யுனிவர்சிட்டில பாடம் சொல்லிக் குடுத்தாரு, அங்க லா சென்டருக்கே அவரு பேரு வச்சிருக்காங்க. சுஹாகாம்னு மனித உரிமை ஆணையம் வந்தப்ப துணைத் தலைவரா உக்காந்தாரு. மகாதேவ் சங்கர், அப்பீல் கோர்ட்டு ஜட்ஜா இருந்தவரு, அவரும் முதல் சுஹாகாம்ல இருந்தாரு, அப்புறம் ஒரு லோயர் ஜட்ஜு நியமனம் பத்தி போன்ல பேசுன வீடியோ விவகாரத்த விசாரிக்கப் போட்ட ராயல் கமிஷன்லயும் 2008ல உக்காந்தாரு. தலைகீழா போனவரும் உண்டு, விசு சின்னதுரை, மலாயா யுனிவர்சிட்டில லா பேகல்டி டீனா இருந்துட்டு ஹைகோர்ட்டு ஜட்ஜ் ஆனவரு.

ஆனா வித்தியாசம் ஒன்னு இருக்கு, மறைக்க வேணாம். நம்ம ஜட்ஜுங்க பெரும்பாலும் ரிட்டையர் ஆன பிறகு, அரசாங்கம் அமைச்ச கமிஷன்ல போய் உக்கார்றாங்க, இல்ல மத்தியஸ்தம் பண்ணப் போறாங்க. வயசு இருக்கும்போதே எழுந்து வந்து, சொந்தமா ஒரு கடை தொறந்து, கோர்ட்டு எப்படி ஓடுதுன்னு பத்து வருசம் உக்காந்து எண்ணுனவங்க எனக்குத் தெரிஞ்சு இங்க கம்மி. பாட்டியோட தவணைய யாராச்சும் எண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஐயா, எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒத்து வரல, ரெண்டு பேரும் பேசி பிரிஞ்சுக்கலாம்னு இருக்கோம், சண்டை இல்ல, பிள்ளைங்க ரெண்டு. லோயர் ஆபிஸ்ல கேட்ட காசு எங்களால முடியாது. லோயர் இல்லாம போகலாமா? — வாசகி, ஆயர் ஈத்தாம்

போகலாம் தங்கச்சி, உங்க கேஸ நீங்களே நடத்தத் தடையில்ல, ஆனா தனியா போகாதீங்க. முஸ்லிம் அல்லாதவங்களுக்கு 1976 கல்யாண விவாகரத்துச் சட்டம், அது அமலுக்கு வந்தது 1982 மார்ச்சுல. அதுல ரெண்டு வழி. ரெண்டு பேரும் சம்மதிச்சு சேர்ந்து போடுற மனு, இதுக்கு கல்யாணம் ஆகி ரெண்டு வருசம் முடிஞ்சிருக்கணும், பிள்ளைங்க யார்கிட்ட, செலவு யாரு, வீடு யாருக்குன்னு எல்லாத்தையும் முன்னாடியே பேசி முடிச்சிருக்கணும். ஒருத்தர் மட்டும் போட்டா, முதல்ல ஜேபிஎன்ல, அதான் தேசிய பதிவு இலாகால, சமரசக் குழுகிட்ட போகணும், பேச்சுவார்த்தைன்னு மாசக்கணக்கு ஓடும். உங்களுது முதல் வழி, அந்த ஜேபிஎன் படி ஏற வேணாம். கோர்ட்டு முதல்ல ஒரு தற்காலிக உத்தரவு குடுக்கும், மூணு மாசம் கழிச்சுதான் அது முழு விவாகரத்தா ஆகும், அதுக்குள்ள மறு கல்யாணப் பேச்சு எடுத்துறாதீங்க, எடுத்தவங்கள பாத்திருக்கேன்.

காசுக்கு: அரசாங்கத்தோட சட்ட உதவி இலாகா, ஜபாத்தான் பந்துவான் குவாமான் இருக்கு, வருமானத்தப் பாத்து எடுத்துக்குவாங்க. பார் கவுன்சிலோட லீகல் எய்ட் சென்டர் பினாங்குலயும் இருக்கு, லோயருங்க ஆளுக்கு வருசம் 100 வெள்ளி போட்டு நடத்துறது. அங்க இருக்கிற சின்னப் பிள்ளைங்கள பாத்து பயந்துறாதீங்க, சேம்பரிங் பண்றவங்க, அதாவது லோயர் ஆகுறதுக்கு முன்னாடி பயிற்சி எடுக்குறவங்க, ரொம்ப அக்கறையா கேப்பாங்க.

உங்க கேள்விய கோர்லிஸ் அம்மாவும் எடுத்துக்கிட்டாங்கன்னா ஆச்சரியப்படுவீங்க. குடும்ப கேஸுல லோயர் இல்லாம வர்றவங்ககிட்ட அந்த இன்ஸ்டிடியூட் போய் உக்காந்து ஏன்னு கேட்டுது, காசுதான்னு பதில் வந்துது, அதுக்கு ஆராய்ச்சி வேணுமான்னு நீங்க கேக்கலாம், ஆனா சட்டம் எழுதுறவங்களுக்கு எழுத்துல காட்டுனாத்தான் கண்ணு தெரியுது. 2013ல டென்வர் யுனிவர்சிட்டிலயே பிரியுற குடும்பங்களுக்கு ஒரு சென்டர் தொறந்தாங்க: லா படிக்கிற பிள்ளைங்க, சோசியல் வொர்க் படிக்கிற பிள்ளைங்க, சைக்காலஜி படிக்கிற பிள்ளைங்க மூணு பேரும் ஒரே குடும்பத்தோட உக்காந்து, பேப்பரையும் பாத்து, பிள்ளைங்களோட மனசையும் பாத்து முடிச்சு வச்சாங்க. நம்ம ஊருல பேப்பர பாக்க ஒரு இடம், மனசப் பாக்க வேற இடம், அதுக்கும் இதுக்கும் நடுவுல ரெண்டு பஸ்.

என் பையன் எஸ்பிஎம் பரீட்சையில எல்லாமே ஏ. லா படிக்கணுங்கிறான். ஆனா ரொம்ப கூச்சம், நாலு பேரு முன்னாடி பேசவே மாட்டான். சரிப்பட்டு வருமா? — தாய், சுங்கை டுவா

வாயாடிதான் லோயர் ஆவான்னு யாரும்மா சொன்னது, நான் பாத்ததுல கேஸ தோத்தவங்கள்ல பாதி பேரு நிறுத்தத் தெரியாம பேசுனவங்க. அதே இன்ஸ்டிடியூட் 50 மாநிலத்துலயும் 24,000 பேருக்கு மேல லோயருங்ககிட்ட, புதுசா வர்ற லோயருக்கு முதல் நாள்ல இருந்தே என்ன வேணும்னு கேட்டு, 2016ல அறிக்கை போட்டுச்சு. முன்னாடி வந்தது என்ன தெரியுமா: ரகசியத்த காப்பாத்துறது, நேரத்துக்கு வர்றது, சொன்ன சொல்லு நிக்கிறது, மரியாதை, காது குடுத்துக் கேக்குறது. சட்ட வேலையில பலத பின்னாடி கத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. நேரத்துக்கு வர்றதுன்னா நம்ம கல்யாண பத்திரிகை நேரம் இல்ல, நெஜ நேரம்.

பையன ஒரு நாள் கூட்டிட்டு ஃபெர்ரி ஏறி வாங்க. ஓப்பன் கோர்ட்டுக்கு டிக்கெட் கிடையாது, யாரும் பின்னாடி உக்காந்து பாக்கலாம். சிலிப்பர், ஷார்ட்ஸ் வேணாம், உள்ள போகும்போதும் வெளிய வரும்போதும் தலைய குனியணும், போன அமத்திரணும். காலையில ஒன்பது மணிக்கு முன்னாடியே வந்துருங்க, மென்ஷன், அதாவது ஒவ்வொரு கேஸையும் சுருக்கமா கூப்பிட்டு நிலவரம் கேக்குறது, அது ஓடுறப்பதான் எல்லா வகை லோயரையும் பாக்கலாம், கோப்ப ஒழுங்கா வச்சு ரெண்டே வரி பேசிட்டுப் போறவங்கள அவனுக்குக் காட்டுங்க. மத்தியானம் பக்கத்துலயே நாசி கண்டார், கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பன்னெண்டு மணிக்கே போயிருங்க. வீட்டுக்குப் போற வழியில ஃபெர்ரில அவன் தானா என்ன பேசுறான்னு கேளுங்க, நீங்க முதல்ல கேக்காதீங்க.